அக்காவின் கால் சொன்னால்தான் படகு இறங்கும்

“…அதான் கால வச்சிட்டேன் இல்ல, இன்னும் இன்னாத்துக்கு எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்கோ? சொல்றேன், இருங்கோ!”

முழங்கால் ஆழக் கடலில் நின்றுகொண்டு அக்கா கரையைப் பார்த்துக் கத்தினாள். சேலையை வழித்து இடுப்பில் செருகியிருந்தாள். அலை வந்து மோதி, அவள் காலடி மணலை அரித்துக்கொண்டு திரும்பியது. கரையில் அவள் புருஷன், எங்க மாமா, பைபர் படகின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர், மாமாவோடு சின்ன வயசிலிருந்தே கடலுக்குப் போகிற தோஸ்து. படகைத் தள்ளுவதற்கு இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘ஆறிடுச்சி’ என்று அக்கா சொன்னால் படகு கடலில் இறங்கும், மாமா போவார். ‘ஆறல’ என்றால் இறங்காது.

ஒரு புயல் வந்து கரையைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தெற்கே அடுத்தது ஒன்று சுழலப் பார்க்கிறது என்று எல்லார் போனிலும் செய்தி வந்துகொண்டிருந்தது.

நான் அக்காவுக்குச் சற்றுப் பின்னால், கணுக்கால் நனைய நின்றேன். கடல் ஆறிவிட்டதா இல்லையா என்று சொல்லவேண்டிய அந்தக் கால் மரத்துப்போன கால், அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது என்பது அந்தக் கரையில் அக்காவைத் தவிர என் ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்கே முந்தின நாள் சாயந்திரம்தான் தெரிந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்று, செத்துப்போன எங்க அம்மா மேல் சத்தியமும் பண்ணிக் கொடுத்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

டோல்கேட்டில் எனக்கு ஒரு இட்லிக் கடை. கடை என்று பெருமைக்குச் சொல்கிறேன், தள்ளுவண்டிதான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்கப்புறம் பொட்டலம் கட்டுகிற பேப்பரும் கையில் இருக்கிற போனும்தான் எனக்கு வாத்தியார்கள். படித்ததில் பாதி மறந்துவிடும். ஆனால் ஒருத்தர் வாயில் கேட்ட பேச்சு மறக்காது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பாய், தட்டை நீட்டும்போதெல்லாம், “ஆறின இட்லியும் ஆறின கோவமும் ஒண்ணும்மா, ரெண்டாலயும் பிரயோஜனம் இல்ல” என்பார். சூடாக வை என்பதை இதைவிட அழகாக யார் கேட்பார்கள்? அவருக்கு மட்டும் ஒரு கரண்டி சாம்பார் கூடவே விழும்.

அக்கா வாக்கப்பட்டது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். நடுவில் நீட்டிப் படுத்த நாக்கு மாதிரி வீடுகள். அவர்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு: “பொயலு குளிச்ச தண்ணில மறு பொயலு குளிக்காது.” புயல் ஒன்று போனால் கடல் ஆறிவிடும். ஆறின கடலில் இன்னொரு புயல் உடனே தலை தூக்காது. அதோடு ஆறின கடலில் அடித்தண்ணி மேலே வருவதால் மீனும் மேய வரும். ஆகவே புயல் ஓய்ந்து கடல் அடங்கின முதல் காலையில், சந்தில் ஒரு பொம்பளை போய் அலை ஓரம் சூடம் கொளுத்திவிட்டு, முழங்கால் வரை இறங்கி நிற்பாள். ‘கால் நனைக்கிறது’ என்று அதற்குப் பேர். குளிரில் கால் கூசினால் கடல் ஆறிவிட்டது, படகை இறக்கலாம். கூசவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் கஞ்சி.

சில வருஷமாக அது அக்காவின் வேலை. காரணம் இருக்கிறது. அக்கா மீன் விற்கிறவள். கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே, இது ஐஸில் படுத்துக் கிடந்த மீனா அன்றைக்கு ஏறின மீனா என்று சொல்லிவிடுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். “இன்னா, மீனுக்கு முத்தம் குடுக்கற?” என்பார்கள். ஒரு முறைகூட அவள் சொன்னது தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் முன்னொரு வருஷம் கால் நனைத்துவிட்டு, “ஆறல. கஞ்சிப்பான மாரி கீது” என்று சொன்னாள். சந்தே சிரித்தது. புயல் போன கடல் எப்படி ஆறாமல் இருக்கும்? ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, படகுகளை மேலேயே கட்டிப் போட்டார்கள். அடுத்த வாரமே இன்னொரு காற்று வந்தது. கரையோரம் படகை இறக்கி வைத்திருந்த மற்ற குப்பங்களில் அடுக்கி வைத்த தட்டு மாதிரி படகுகள் நொறுங்கிக் கிடந்தன. அன்றிலிருந்து மாமாவின் தோஸ்து ஒரு பேச்சு வைத்தார்: “வானிலை ஆபீஸுக்கு சட்டலைட்டு, நம்ம சந்துக்கு அண்ணியோட காலு.”

கடல் ஏன் அந்த வருஷம் ஆறவில்லை என்று அப்போதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். போனில் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

வெந்நீர் போடுகிற கரண்டு ராடைப் பக்கெட்டில் மாட்டி வைத்துப் பாருங்கள். மேலே கை வைக்க முடியாது. அடியில் பச்சைத் தண்ணியாகவே கிடக்கும். மக்கை விட்டுக் கலக்கினால்தான் குளிக்கிற பதத்துக்கு வரும். கடலும் அப்படித்தான். வெயில் மேலே காய்ச்சுகிறது, அடியில் குளிர்ந்த தண்ணி கிடக்கிறது. புயல்தான் கலக்குகிற கை. அது சுற்றிச் சுற்றிக் கலக்கும்போது அடித்தண்ணி மேலே வந்து மேல்சூட்டை ஆற்றிவிடும். அந்த மேல்சூடுதான் புயலுக்கே தீனி. தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவருக்குச் சோறு இல்லை.

இப்போது என்னவென்றால், உலகமே சூடேறிக்கொண்டு வருகிறதாம். ராடை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். பக்கெட்டில் சூடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவதும் வெதுவெதுப்பாகவே வந்தால் எங்கே ஆறும்? இன்னொன்று நம்ம வங்காள விரிகுடாவுக்கே உள்ள குணம். ஆற்றுத் தண்ணியும் மழைத் தண்ணியும் வந்து உப்புத் தண்ணி மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், சட்டென்று கலக்காது. போர்வை தடிமனாக இருந்தால் புயலின் கை அடிவரைக்கும் போகாது. எல்லாப் புயலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நின்று நிதானமாக நகருகிற புயல் இன்றைக்கும் நன்றாகக் கலக்கிக் கடலை ஆற்றிவிட்டுத்தான் போகிறது. அவசரமாக ஓடுகிற புயல் அந்த அளவுக்குக் கலக்குவதில்லை. எது எப்படிப் பண்ணிவிட்டுப் போனது என்று பார்த்தால்தான் தெரியும். பழைய பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, அவ்வளவுதான்.

இந்தப் புயலுக்கு முன்னால் அக்காவை டோல்கேட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று வந்தவள்தான் நான். “வூட்ட வுட்டுட்டு வரமாட்டேன்” என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பேசிப் பேசி நேரம் போய், பஸ் நின்று, காற்று வந்துவிட்டது. கூட்டிப்போக வந்தவள் கூடவே மாட்டிக்கொண்டேன். ராத்திரி முழுக்க கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். விடிந்தபோது புயல் போயிருந்தது. தண்ணி போகவில்லை.

புயலைவிட அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. கழிமுகத்துத் தண்ணி சந்துக்குள் ஏறி, போக மனசில்லாமல் நின்றது. மேலே கறுப்பாக ஒரு எண்ணெய்ப் படலம். சுவரில் அது தொட்ட இடம் எல்லாம் கோடு. கரண்டு இல்லை. குடிக்கிற தண்ணி, பாத்ரூம், எல்லாமே பேஜாரு. பொம்பளைகள் இருட்டும் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தோம், அதைப்பற்றி எழுதுவதற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இதில் படகு வேறு. புயலுக்கு முன்னால் அதைக் கடற்கரையிலிருந்து இழுத்து வந்து வீட்டு வாசல் அடிபம்பில் கட்டியிருந்தார்கள். தண்ணி ஏறினதும் அது மிதந்து திரும்பி, மூக்கை எங்கள் வாசற்படிக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே போக வேண்டுமென்றால் படகில் ஏறி, அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். உள்ளே ஒரே அறை. அதில் அக்கா, மாமா, நான், ஈர வலை, ஈரத் துணி, எங்கள் மூச்சு. மாமா கடலில் போனால் வாயே திறக்காத மனுஷன். வீட்டுக்குள் அடைந்துகிடந்தால் வாய் ஓயாது.

“கருவாட்டகூட வெயில்ல காய வப்பாங்கோ. என்ன நெழல்ல போட்டு காய வக்கிறீங்கோ” என்பார்.

எதிர் மொட்டை மாடியிலிருந்து தோஸ்து கேட்பார்: “இன்னா மாமு, உப்பு போட்டாச்சா?”

“உப்பா? அது உங்க அண்ணி கொழம்புலகூட போட மாட்டேன்றா!”

“துன்றது ஒரு வேள, அதுல உப்பு பத்தலியாம் தொரைக்கு” என்று அக்கா உள்ளே இருந்து குரல் கொடுப்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்த அறை முன்னைவிடச் சின்னதாகிவிடும்.

தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக வடிய ஆரம்பித்தது. காற்றும் அடங்கியது. நாளைக்குக் காலையில் கால் நனைத்துவிடலாம் என்று சந்தில் பேச்சு வந்தது. போனில் தெற்கே புதுக் காற்றழுத்தம் என்று வந்திருந்ததை நான் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. ஆணியில் தொங்கின வெந்நீர் ராடைக் காட்டிப் பக்கெட் கதையைச் சொன்னேன். அதை மட்டும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மச்சினி, நீ இட்லிய அவி. கடல அவிக்காத” என்றார்.

“இல்ல மாமா, இந்தப் பொயலு ரொம்ப வேகமா ஓடிச்சி. கலக்கிச்சோ இல்லியோ…”

“அத்த பாக்கத்தான் உங்க அக்கா காலு கீதே! அது ஜில்லுன்னு சொன்னா ஜில்லு. சூடுன்னு சொன்னா நான் இங்கியே குந்திகினு கீறேன். உன் போனு வேணாம், உன் பக்கெட்டும் வேணாம்.”

எனக்கே ஒரு விதத்தில் நிம்மதிதான். அக்காவின் கால் தப்பாது என்றுதான் நானும் நம்பினேன்.

அன்று சாயந்திரம் கொசு பிய்த்தது. ஓட்டுச் சில்லு ஒன்றில் கொசுவத்தியைக் கொளுத்தி வாசல் பக்கம் தரையில் வைத்திருந்தேன். மாமா எதிர்வீட்டு மாடிக்குப் போயிருந்தார். அக்கா வாசலில் நின்று எதிர்வீட்டோடு வாயாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கொசுவத்தி வாடையோடு வேறொரு வாடை வந்தது. முடி பொசுங்குகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால், அக்காவின் குதிகால் கொசுவத்தி நெருப்பின் மேல் இருந்தது. அவள் தோஸ்து சொன்ன எதற்கோ கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தேன்.

“அடி இன்னாடி, காலப் புடிச்சி இஸ்துகினு! கீய வுழுந்தா யாரு தூக்கறது?”

குதிகாலைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் வெந்த தோல். அவள் அதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. வாசல் படுதாவை இறக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது.

“எத்தினி நாளாக்கா?”

“மழைக்கு முன்னாடியே. பஞ்சு மேல நடக்கற மாரி கீதுடி. அன்னிக்கி ஏவாரம் முடிச்சிட்டு வந்துகினு கீறேன், பாதி ரோடு வந்தப்பறம் பாக்கறேன், ஒத்த செருப்புதான் கீது. இன்னொண்ணு எங்க கழண்டுச்சின்னே தெரில.” சிரிக்கப் பார்த்தாள்.

“சக்கர மாத்திர போடறியா?”

“போடறப்போ போடறேன்.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“மார்க்கெட்ல என் பக்கத்துல குந்தினு இருந்தாளே, அவ இப்டித்தான் போனா. மொதல்ல வெரல வெட்டினாங்கோ, அப்பால பாதம். வேணாம்டி.”

எனக்கு வேறொன்று உறைத்தது. புயல் போன மறுநாளே அவள் தனியாகத் தண்ணியைத் தாண்டிக் கரை வரைக்கும் போய்வந்து, ‘ஜில்லுனுதான் கீது’ என்று மாமா காதில் போட்டிருந்தாள். மாமா அதிலிருந்துதான் துள்ளிக்கொண்டிருந்தார்.

“அப்போ ஜில்லுனு கீதுன்னு மாமாகிட்ட சொன்னது?”

அக்கா கொசுவத்தியை எட்டத் தள்ளி வைத்தாள். “சூடு தெரில. சூடு தெரிலன்னா ஜில்லுதானேன்னு நெனச்சிகினேன்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

“மாமாகிட்ட சொல்லிடுக்கா.”

“சொல்லிட்டு? நல்லா கேட்டுக்கோ. உங்க மாமா எவன் பேச்சும் கேக்க மாட்டாரு. மீன்வளத்துக்காரன் சொன்னா, ‘அவன் வூட்ல மாசச் சம்பளத்துல ஒலை கொதிக்குது’ன்னுவாரு. நீ சொன்னா பக்கெட்டுன்னு சிரிக்கிறாரு. என் காலு சொன்னாத்தான் நிப்பாரு. அவர நிறுத்த எங்கிட்ட கீறது அது ஒண்ணுதான். அது செத்துப்போச்சின்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு அவர எத்த வச்சி புடிப்பேன்?”

“அப்ப ஆறலன்னு சொல்லிடு. போவாம இருப்பாரில்ல.”

“கடலு நெசமா ஆறி கெடந்தா? மத்த குப்பத்து ஆளெல்லாம் மீன வாரிகினு வருவான், இவங்க மட்டும் வாயப் பாத்துகினு குந்துவாங்கோ. அப்பறம் அடுத்த பொயலுக்கு நான் வேணாம்னு சொன்னா எவன் நிப்பான்? நெசமாவே வேணாம்னு சொல்ற அன்னிக்கி எவன் நிப்பான், சொல்லு?”

“சரி, நான் கால் வச்சிப் பாத்து உன் காதுல சொல்றேன்.”

“நீயா? அடுப்புக்கு முன்னாடியே நின்னு நின்னு வெந்த காலு உன்து. டோல்கேட்டு காலு. ஆறின கடல நீ என்னிக்கி தொட்ட?”

அது உண்மை. நான் காட்டின வழியையெல்லாம் அவள் அடைத்துக்கொண்டே வந்தாள், எனக்கும் எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியவில்லை. பிறகுதான் அந்தச் சத்தியத்தை வாங்கினாள். குதிகாலில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பழைய துணியைக் கட்டிவிட்டேன். மாமா இறங்கி வந்து “இன்னா காலு?” என்றதற்கு, “ஆணி குத்திடுச்சி” என்றாள். “நாளைக்கு நனைக்கிற காலு, பத்தரமா வச்சிக்க மே” என்று அவர் தன் தலைகாணியை எடுத்து அவள் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இரண்டாவது காற்று என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசியில் அது எங்கள் பக்கம் வராமல் வடக்கே போய்விட்டது. ஆனால் அது பின்னால் தெரிந்த சங்கதி. அன்று காலையில் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் ஒரு பைபர் படகில் இரண்டு பேர் இருந்தால், பின்னால் தெரிவதால் அவர்களுக்கு என்ன லாபம்?

காலையில் வாசலில் தண்ணி வடிந்து சேறாக இருந்தது. ஆட்கள் சேர்ந்து படகை அடிபம்பிலிருந்து அவிழ்த்து, சேற்றில் வழுக்கவிட்டு, கடற்கரை வரைக்கும் இஸ்துகினு போனார்கள். இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த வாசல் திறந்து, வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை கெட்டார். இன்ஜினைத் தோளில் தூக்கி வந்து மாட்டினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, “போ மே, போய் நனை” என்றார்.

அக்கா சூடம் கொளுத்தினாள். காற்றில் அது இரண்டு தரம் அணைந்து மூன்றாவது தரம் பிடித்தது. குதிகால் கட்டை யாரும் பார்க்காமல் அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே போய் என் டோல்கேட்டுக் காலை நனைத்தேன். எனக்கு அது கூசவில்லை. வெதுவெதுவென்றுதான் இருந்தது. ஆனால் கார்த்திகை மாசத்துக் காலையில், குளிர்ந்த காற்றில் நின்றுவிட்டு இறங்கினால் எந்தக் கடலும் வெதுவெதுப்பாகத்தானே தெரியும்? நான் எதை வைத்துச் சொல்ல? சத்தியத்தை மீறி ஓடிப்போய் மாமா கையைப் பிடிக்கலாமா என்று ஒரு மனசு. அப்படிச் செய்தால் அக்கா இந்தச் சந்தில் இனி யாராக இருப்பாள் என்று ஒரு மனசு. அலை வந்து வந்து என் காலடி மணலையும் உருவிக்கொண்டிருந்தது. நகர முடியவில்லை.

“இன்னா அண்ணி, காலு தூங்கிடுச்சா?” என்று தோஸ்து கரையிலிருந்து கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அக்கா திரும்பி, நான் முதலில் எழுதினேனே, அந்தக் கத்தல் கத்தினாள். கத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. அப்புறம் மாமாவைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு, கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அக்கா குனிந்தாள். முட்டி போட்டாள். ஒரு கையைத் தண்ணிக்குள் மணலில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மீனை வைத்துப் பார்க்கிற அந்தக் கன்னத்தைக் கடலில் வைத்தாள். அலை அவள் தலைக்கு மேல் உடைந்தது. கொண்டை அவிழ்ந்து முடி தண்ணியில் பரவியது. நான் ஓடிப் பிடிப்பதற்குள் இன்னொரு அலை. அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஐஸா அன்றைக்கு ஏறினதா என்று பார்ப்பது போலவே கிடந்தாள்.

கரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்தபோது மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணி. இருமினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“காலுக்கு ஒண்ணும் தெரில. அது செத்துப்போயி ரொம்ப நாளாச்சி. கன்னத்துக்குத் தெரியுது. ஆறல.”

தோஸ்துவின் தோளிலிருந்த வலை மூட்டை மெல்லச் சரிந்து மணலில் இறங்கியது. மாமா அக்காவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

அவர் பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. ஈரச் சேலை காலைச் சுற்ற, குதிகால் புண்ணில் மணல் ஒட்ட, நேரே படகுக்கு நடந்தாள். மாமாவின் கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தாள். தன் தோளில் போட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி, வீட்டுப் பக்கம் திரும்பி, ஆறேழு ஆம்பிளைகள் சேர்ந்து இழுக்கிற அந்தப் படகைத் தன்னந்தனியாக இழுக்க ஆரம்பித்தாள்.